உடுப்பு கேள்வி பதில்: விலைய அப்புறம் பாக்கலாம், முதல்ல தோள்பட்டை தையல பாருங்க

போன இதழ்ல "கம்மி காசுல ஆம்பளைங்க நல்லா உடுத்துறது எப்படி, கேள்வி அனுப்புங்க"ன்னு சொல்லியிருந்தேன், வந்த லெட்டர எல்லாம் படிச்சு முடிக்கவே நாலு நாள் ஆச்சு. முக்கால்வாசி பேர் முதல் வேலைக்கு போற பசங்க. இடம் இருக்குற வரைக்கும் பதில் சொல்லிருக்கேன், மிச்சம் அடுத்த இதழ்ல.

அண்ணா, டிகிரி முடிச்சுட்டு அம்பத்தூர்ல ஒரு கம்பெனில சேரப்போறேன், சம்பளம் 16,000. துணிமணிக்குன்னு மொத்தமா 6,000 தான் என்னால ஒதுக்க முடியும். எத்தனை சட்டை, எத்தனை பேண்ட் வாங்கலாம்?
வாசகர், திருவண்ணாமலை

தம்பி, 6,000 தாராளமா போதும், ஒரே நாள்ல ஒரே கடைல கொண்டுபோய் கொட்டாம இருந்தா. நான் பிரிச்சா இப்படித்தான் பிரிப்பேன்: ஷூவுக்கு 1,500, ரெண்டு பேண்ட் 1,600, நாலு சட்டை 2,000, பெல்ட் 350, மூணு ஜோடி சாக்ஸ் 150. கூட்டிப்பாரு, 5,600 வரும். மிச்சம் இருக்குற 400ஐ தொடவே தொடாத, அது ஆல்டர் பண்றதுக்கு. எல்லாரும் அந்த 400லயும் இன்னொரு சட்டை எடுத்துட்டு வந்துருவாங்க, கடைசில அஞ்சு சட்டையும் உடம்புல சரியா நிக்காது.

பேண்ட் ஒண்ணு நேவி ப்ளூ, ஒண்ணு சாம்பல். முதல் பேண்டா கருப்பு வேணாம், பத்து தடவ தோச்சா வெளுத்துப்போறது அதுல பளிச்சுன்னு தெரியும், தூசியும் அப்படியே ஒட்டும். சட்டை ஒரு வெள்ளை, ஒரு லைட் ப்ளூ, ஒரு மெல்லிசு கோடு, ஒரு சின்ன கட்டம். இந்த நாலும் அந்த ரெண்டு பேண்டுக்கும் சேரும், அப்ப எட்டு ஜோடி ஆச்சு, வாரத்துல ஆறு நாளும் மாத்தி மாத்தி போடலாம்.

துணி விஷயத்துல ஒண்ணு யோசி. எல்லாரும் சுத்த காட்டன் வாங்குன்னுதான் சொல்லுவாங்க, சென்னை புழுக்கத்துக்கு அது நல்லதுதான், ஆனா ரூம்ல நாலு பேரோட தங்குற பையனுக்கு தினமும் இஸ்திரிக்கு யாரு குடுக்குறது? உருப்படிக்கு 10 ரூபான்னு வச்சாலும் ஒரு நாளைக்கு ரெண்டு உருப்படி, வாரம் 120, மாசம் 500ஐ தொட்டுரும், அது ஒரு சட்டை விலை. அதனால ரெண்டு சட்டை காட்டன், ரெண்டு சட்டை காட்டன் பாலியஸ்டர் கலந்தது எடு, உள்ள தச்சிருக்குற சின்ன லேபிள்ல 60க்கு 40ன்னோ 55க்கு 45ன்னோ போட்டிருக்கும், காட்டன் பங்கு பாதிக்கு மேல இருக்கான்னு பாத்துக்கோ. அத உதறி ஹேங்கர்ல காயப்போட்டா பெருசா இஸ்திரி கேக்காது.

இப்ப முக்கியமான விஷயம். எங்க அப்பா ஈரோட்ல முப்பது வருஷம் தையக்கடை வச்சிருந்தாரு, யாரு சட்டை போட்டுட்டு முன்னாடி வந்து நின்னாலும் அவரு கை முதல்ல போறது தோளுக்குத்தான், கட்டை விரல வச்சு தோள் எலும்பு முடியுற இடத்த தடவிப்பாப்பாரு, கையும் உடம்பும் சேர்ற தையல் அந்த எலும்பு முனைல உக்காந்திருந்தா தலைய ஆட்டுவாரு, ஒரு இஞ்ச் கீழ இறங்கியிருந்தா "இது உங்களோடது இல்லீங்க"ன்னு சொல்லிருவாரு. பக்கவாட்டுல லூசா இருந்தா சைடு பிடிச்சுரலாம், கை நீளமா இருந்தா குறைச்சுரலாம், எங்க ஏரியால 60, 80 ரூபா வேலைதான், ஆனா தோள மாத்தணும்னா கைய மொத்தமா பிரிச்சு காலர் வரைக்கும் போகணும், 500 ரூபா சட்டைக்கு அந்த கூலி கட்டாது. அதனால கண்ணாடி முன்னாடி நின்னா டிசைன பாக்குறதுக்கு முன்னாடி தோள பாரு. அப்புறம் மேல் பட்டன போட்டு கழுத்துல ரெண்டு விரல் நுழையுதான்னு பாரு, உக்காந்து பாரு, உக்காரும்போது நெஞ்சுக்கிட்ட பட்டன் நடுவுல வாய் பொளந்துச்சுன்னா அடுத்த சைஸ் கேளு.

ஷூ ஒண்ணுதான் வாங்க முடியும், கருப்பா பிரவுனா? லெதர் பெல்ட் எப்படி கண்டுபிடிக்கிறது?
வாசகர், கும்பகோணம்

கருப்பு, கயிறு கட்டுறது, முனை ரொம்ப கூரா இல்லாதது. சாயங்காலமா போய் வாங்குங்க, நாள் பூரா நடந்து கால் கொஞ்சம் வீங்கி இருக்கும், காலைல கச்சிதமா இருந்த ஷூ சாயங்காலம் கடிக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் போற வேலை இருந்தா ஷூவ அங்க பாருங்க, நம்ம ஊர்ல தோல் பதனிட்டு ஷூ தச்சு வெளிநாட்டுக்கு அனுப்புற ஊருங்க அது, எக்ஸ்போர்ட்ல மிஞ்சுன ஜோடிங்க ஆம்பூர் கடைங்கள்ல நல்ல விலைக்கு கிடைக்கும்.

பெல்ட்டுல நான் ஏமாந்திருக்கேன். லெதர்னு அச்சடிச்சிருந்தத நம்பி ஒரு கடைல 450 ரூபா குடுத்து வாங்குனேன், ரெண்டே மாசத்துல ஓட்டைய சுத்தி தோல் மாதிரி இருந்தது செதில் செதிலா உரிஞ்சு உள்ள துணி தெரிஞ்சுச்சு. அன்னிலேர்ந்து பெல்ட்டோட முகத்த பாக்குறதில்ல, ஓரத்ததான் பாக்குறேன். வெட்டுன விளிம்புல ஒரே தோலா நார் நாரா தெரிஞ்சா நல்லது, மேல ஒரு வழவழப்பான பேப்பர் மாதிரி அடுக்கு, நடுவுல அட்டை மாதிரி, கீழ இன்னொரு அடுக்குன்னு சாண்ட்விச் மாதிரி இருந்தா அது சீக்கிரம் உரியும். ஓட்டைக்குள்ளயும் உத்துப்பாருங்க, அங்கயும் இதே கதைதான் தெரியும்.

திருப்பூர் போனா டீஷர்ட் அள்ளிட்டு வரலாம்னு எல்லாரும் சொல்றாங்க. போன தடவ 150 ரூபான்னு ஆறு டீஷர்ட் எடுத்தேன், ரெண்டு தோவைல நாலு சுருங்கி முறுக்கிக்கிச்சு. எப்படி பாத்து வாங்கணும்?
வாசகர், திண்டுக்கல்

இந்த கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். திருப்பூர் ரயில்வே ஸ்டேஷன்ல இறங்கி நடக்குற தூரத்துல காதர்பேட்டை, வரிசையா பனியன் கடைங்க, எக்ஸ்போர்ட்டுக்கு தச்சு மிஞ்சுன சர்ப்ளஸ், உள்ளூர் சரக்கு, குறை இருக்குன்னு ஒதுக்குன செகண்ட்ஸ் எல்லாம் பக்கத்து பக்கத்துலயே அடுக்கியிருக்கும், கேட்டா எல்லாமே எக்ஸ்போர்ட் பீஸ்னுதான் சொல்லுவாங்க. நாமதான் பிரிச்சுப்பாக்கணும். நான் போனா கைல ஒரு இஞ்ச் டேப் இல்லாம போகமாட்டேன்.

முதல்ல டீஷர்ட்ட ரெண்டு தோள்லயும் பிடிச்சு கண்ணுக்கு நேரா தூக்குங்க. சைடு தையல் அக்குள்லேர்ந்து கீழ நேரா இறங்கணும். இப்பவே லேசா முன்பக்கம் திரும்பியிருந்தா தோச்சதும் இன்னும் முறுக்கிக்கும், உங்க நாலு டீஷர்ட்டுக்கும் நடந்தது இதுதான், துணிய சரியா கம்பேக்ட் பண்ணாம, அதாவது பின்னாடி சுருங்காம இருக்க மெஷின்ல அழுத்தி எடுக்காம, கொஞ்ச நேரம் கூட கிடக்கவிடாம இழுத்து வச்சு வெட்டி தச்சிருப்பாங்க. அப்படியே வெளிச்சத்துக்கு எதுக்க காட்டுங்க, ஊசி முனை அளவு ஓட்டைங்க தெரியுதா, ஊடால ஒரு கோடு மட்டும் மெல்லிசா ஓடுதா? செகண்ட்ஸ்ல இருக்குற குறை பாதிக்கு மேல இதுலயே மாட்டிக்கும். கழுத்த சுத்தி இருக்குற ரிப் பட்டைய ரெண்டு கையால இழுத்து விடுங்க, பொட்டுன்னு பழைய இடத்துக்கு வரணும், தொளதொளன்னு நின்னுச்சுன்னா ஒரு மாசத்துல கழுத்து தொங்கிரும். அப்புறம் உள்பக்கத்த வெளிய திருப்பி, ஓரம் பிரியாம இருக்க போடுற ஓவர்லாக் தையல பாருங்க, நூல் நெருக்கமா இருக்கா, கழுத்துக்கு பின்னாடி ஒரு தோள்லேர்ந்து இன்னொரு தோளுக்கு நாடா மாதிரி ஒரு துணி டேப் வச்சு தச்சிருக்காங்களான்னு பாருங்க, அந்த டேப் இருந்தா தோள் இழுபடாது, மெனக்கெட்டு தச்ச பீஸுக்கு அது ஒரு அடையாளம்.

அடுத்து ஜிஎஸ்எம். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்ங்குறதுதான் அது. நம்ம வெயிலுக்கு 160லேர்ந்து 180 போதும், 140க்கு கீழ போனா உள்ள இருக்குறது வெளிய தெரியும், 220, 240ங்குறது இப்ப பசங்க போடுற ஓவர்சைஸ் டீஷர்ட்டுக்கு நல்லா நிக்கும் ஆனா ஏப்ரல் மாசம் போட்டா வேகும். கடைக்காரர்ட்ட "ஜிஎஸ்எம் எவ்வளவுங்க, பயோ வாஷ் பண்ணுனதா"ன்னு கேட்டுப்பாருங்க, பயோ வாஷ்னா என்சைம் போட்டு துணி மேல நிக்குற பஞ்சு ரோமத்த எடுத்துருவாங்க, அதனால தோக்கத்தோக்க உருண்டை உருண்டையா பில்லிங் வர்றது குறையும். இப்படி ரெண்டு வார்த்தை கேட்டாலே அவரு உள்ள வச்சிருக்குற நல்ல சரக்கு கட்ட எடுத்து காட்டுவாரு, இது எனக்கு பல தடவ நடந்திருக்கு.

சைஸ் லேபிள நம்பாதீங்க, அமெரிக்காவுக்கு தச்ச ஸ்மால் நம்ம மீடியமுக்கே சரியா இருக்கும். ஒரு அக்குள்லேர்ந்து இன்னொரு அக்குளுக்கு டேப் வச்சு பாருங்க, 20 இஞ்ச் இருந்தா அது 40 சைஸ். வீட்ல உங்களுக்கு பிடிச்ச டீஷர்ட் ஒண்ண முன்னாடியே இப்படி அளந்து அகலத்தையும் உயரத்தையும் போன்ல குறிச்சு வச்சுட்டு போங்க, போட்டுப்பாக்க இடம் இல்லாத கடைலயும் தப்பே வராது. சுருங்குறதுக்கும் கொஞ்சம் விட்டு எடுங்க, காட்டன் பின்னல் துணி 5 சதவீதம் சுருங்குறது சாதாரணம், 28 இஞ்ச் உயரம்னா ஒண்ணரை இஞ்ச் கிட்ட போயிரும்.

150க்கு ஆறு எடுத்ததுக்கு பதிலா 300க்கு மூணு எடுத்திருந்தீங்கன்னா அதே 900தான் ஆயிருக்கும், மூணும் இன்னிக்கு உங்க பீரோல இருந்திருக்கும்.

நான் நல்ல கருப்பு. கடைல சேல்ஸ்மேன்லேர்ந்து என் மாமா வரைக்கும் எல்லாரும் "உனக்கு டார்க் கலர் வேணாம், பளிச்சுன்னு போடாத"ன்னு சொல்லிச் சொல்லி என்கிட்ட இருக்குறது பூரா பழுப்பும் சந்தனமும்தான். நான் என்ன கலர் போடலாம்?
வாசகர், தூத்துக்குடி

தம்பி, இத படிச்சுட்டு எனக்கு மனசு கஷ்டமா போச்சு. உன் நிறத்துக்கு ஒத்துவராத கலர்னு அவங்க சொல்ற எல்லாமே உனக்குத்தான் ரொம்ப நல்லா நிக்கும். வெள்ளை வேட்டி வெள்ளை சட்டைல கருப்பா ஒரு மனுஷன் நடந்து வந்தா எவ்வளவு கம்பீரமா இருக்கும்னு நம்ம ஊர்ல ஒவ்வொரு திருவிழாலயும் பாக்குறோம், அத பாத்துக்கிட்டே அந்த பையன்கிட்ட போய் பழுப்பு எடுன்னு சொல்றாங்க.

பளீர் வெள்ளை, மெரூன், பாட்டில் க்ரீன், ராயல் ப்ளூ, கடுகு மஞ்சள், இந்த அஞ்சும் உனக்கு தைரியமா எடு. நீ கொஞ்சம் யோசிக்க வேண்டியது அந்த பழுப்பையும் வெளிறுன சாம்பலையும்தான், தோலுக்கும் துணிக்கும் வித்தியாசம் இல்லாம போயி மொகம் டல்லா தெரியும். கருப்பு சட்டையும் போடலாம், துணி நல்ல அடர்த்தியா, வெளுக்காம இருக்கணும் அவ்வளவுதான்.

ஒரு வேலை பண்ணு. கடை ட்யூப்லைட்டுக்கு கீழ எந்த கலரையும் முடிவு பண்ணாத. சட்டைய எடுத்துட்டு வாசலுக்கு வா, "வெளிச்சத்துல பாத்துக்குறேண்ணே"ன்னு சொன்னா யாரும் வேணாம்னு சொல்லமாட்டாங்க, தாடைக்கு கீழ வச்சுக்கிட்டு போன்ல ஒரு போட்டோ எடு. பழுப்பையும் வச்சு ஒண்ணு எடு, மெரூனையும் வச்சு ஒண்ணு எடு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு நீயே பாரு, அப்புறம் மாமாவுக்கும் அனுப்பு.

என் வீட்டுக்காரருக்கு வயிறு கொஞ்சம் ஜாஸ்தி, இடுப்பு 42. ரெடிமேட்ல வயித்துக்கு சரியா எடுத்தா தோள் தொங்குது, தோளுக்கு சரியா எடுத்தா பட்டன் போட முடியல. தைக்க குடுத்தா செலவு கூடுமேன்னு பயமா இருக்கு சார்.
வாசகி, விருதுநகர்

அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு தைக்கிறதுதான் சிக்கனம். ரெடிமேட் சட்டை தோளும் வயிறும் ஒரு கணக்கா வளரும்னு நெனச்சு வெட்டுறது, அவரு உடம்பு அந்த கணக்குல இல்ல, அதுல அவரு தப்பு ஒண்ணும் இல்ல.

58 இஞ்ச் பன்னா, அதாவது அகலம், இருக்குற துணின்னா முழுக்கை சட்டைக்கு சாதாரணமா 1.60 மீட்டர் எடுப்பாங்க, அவருக்கு 1.80, 2 மீட்டர் கூட தேவைப்படலாம், 36 இஞ்ச் பன்னான்னா இன்னும் கூடும், அதனால துணி எடுக்குறதுக்கு முன்னாடியே டெய்லர்கிட்ட அளவ குடுத்து எத்தனை மீட்டர்னு கேட்டு எழுதிட்டு போங்க. ஆடி தள்ளுபடில பிட்டு துணியா எடுத்து வச்சீங்கன்னா ஒரு சட்டை கூலியோட சேத்து 800 ரூபாக்குள்ள முடிச்சுரலாம். காட்டன்னா தைக்க குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி தண்ணில நனைச்சு போட்டு காயவச்சு குடுங்க, சுருங்குறது எல்லாம் அப்பவே சுருங்கிக்கும்.

டெய்லர்கிட்ட ரெண்டு விஷயம் சொல்லச் சொல்லுங்க. ஒண்ணு, அளவு எடுக்கும்போது அவர வயித்த எக்காம மூச்ச விட்டு சாதாரணமா நிக்கச் சொல்லணும், ஆம்பளைங்க டேப்ப பாத்தாலே வயித்த உள்ள இழுத்துக்குவாங்க. ரெண்டு, உள்தையல்ல ஒரு இஞ்ச் துணி விட்டு தைக்கணும், நாளைக்கு உடம்பு கூடுனாலும் பிரிச்சு விட்டுக்கலாம். பேண்ட்ட வயித்துக்கு கீழ இறக்கிப்போடுறத மட்டும் மாத்தச் சொல்லுங்க, இறக்கிப்போட்டா கால் குட்டையா தெரியும், வயிறு பெல்ட்டுக்கு மேல தள்ளிக்கிட்டு நிக்கும், நாள் பூரா இழுத்து விட்டுக்கிட்டே இருக்கணும். இடுப்பு எங்க இருக்கோ அங்க நிக்குற மாதிரி உயரம் வச்சு, முன்னாடி ரெண்டு ப்ளீட், அதாவது மடிப்பு, விட்டு தைக்கச் சொல்லுங்க, உக்காந்தாலும் பிடிக்காது.

வெள்ளை சட்டை காலர் மஞ்சளா ஆகுது, ப்ளீச் போட்டா இன்னும் மஞ்சள் ஆகுது. ஏன்?
வாசகர், ஆவடி

காலர்ல படியுறது கழுத்து எண்ணெயும் வேர்வையும். குளோரின் ப்ளீச் எண்ணெய எடுக்காது, வேர்வைல இருக்குற புரதத்தோட சேந்து மஞ்சள கூட்டத்தான் செய்யும், பாலியஸ்டர் கலந்த துணின்னா இன்னும் மோசம். எண்ணெய எடுக்குறது எது, பாத்திரம் கழுவுற லிக்விட்தான். தோக்குறதுக்கு முன்னாடி காலர்லயும் கை மடிப்புலயும் ரெண்டு சொட்டு விட்டு பழைய டூத்பிரஷ்ஷால மெதுவா தேச்சு கால் மணி நேரம் விட்டுட்டு அப்புறம் தோய்ங்க. போட்ட அன்னிக்கே தோச்சுட்டா கறை ஊறாது, வாரக்கடைசி வரைக்கும் கூடைல குவிச்சு வச்சா எது போட்டாலும் கறை போகாது.

புது சட்டைய உப்பு தண்ணில ஊறவச்சா சாயம் போகாதுன்னு அம்மா சொல்றாங்க, உண்மையா?
வாசகர், நாமக்கல்

சாயப்பட்டறைல சாயம் ஏத்தும்போது உப்பு போடுறது உண்மை, சாயத்த நூல் பக்கம் தள்ள அது உதவும். ஏறி முடிஞ்ச துணிய வீட்ல உப்புல ஊறவச்சா பெருசா பலன் இல்ல. முதல் மூணு தோவை தனியா, பச்ச தண்ணில, உள்பக்கம் வெளிய திருப்பி தோச்சு நிழல்ல காயப்போடுங்க, அது போதும். சாயம் போறது எப்பவும் மட்டமான துணின்னும் நெனச்சுராதீங்க, மெட்ராஸ் செக்ஸ்ங்குற நம்ம கைத்தறி கட்டம் போட்ட துணிய 1960கள்ல அமெரிக்காக்காரங்க விரும்பி வாங்குனதே தோக்கத்தோக்க கட்டத்துக்கு கட்டம் சாயம் கலந்து புது நெறம் காட்டுச்சுங்குறதுக்காகத்தான்.

ஃபிரண்டு கல்யாண ரிசப்ஷன். எல்லாரும் கோட் சூட் வாடகைக்கு எடுக்குறாங்க, 2,500 கேக்குறாங்க. வேட்டி கட்டிட்டு போனா குறைவா தெரியுமா? உள்ள விடுவாங்களா?
வாசகர், கோவை

குறைவா தெரியுறது வாடகை கோட்டுதான் தம்பி, யாரோ ஒருத்தர் தோளுக்கு தச்சது உன் தோள்ல உக்காராது, மேல சொன்ன அதே கதை. அந்த 2,500 இருந்தா நல்ல எட்டு முழம் காட்டன் வேட்டி, உன் அளவுக்கு தச்ச ஒரு வெள்ளையோ க்ரீமோ சட்டை ரெண்டும் எடுத்துட்டு கைல மிச்சமும் இருக்கும், அடுத்த பத்து கல்யாணத்துக்கு அதுவே போதும். தீபாவளிய ஒட்டி கோ-ஆப்டெக்ஸ்ல 30 சதவீதம் தள்ளுபடி விடுவாங்க, 1935லேர்ந்து இருக்குற நெசவாளர் கூட்டுறவு அது, அந்த நேரம் கைத்தறி வேட்டிய எடுத்து வச்சுக்கோ. நாலு முழம் ஒத்தையா இருக்கும், வீட்டுக்கு ஓகே, ரிசப்ஷன் லைட்டுக்கு கால் தெரியும், எட்டு முழமே எடு. முதல் தடவ கட்டுறவங்க இடுப்புல ஒட்டிக்கிற மாதிரி வர்ற ஒட்டிக்கோ வேட்டிய எடுத்தாலும் தப்பில்ல, கரை மட்டும் நேரா இறங்குதான்னு யாரையாவது பாக்கச் சொல்லு, கீழ் விளிம்பு பாதத்த தொட்டும் தொடாம நிக்கணும்.

உள்ள விடுறத பத்தி கவலையே வேணாம். 2014ல ஒரு கிளப்ல உயர்நீதிமன்ற நீதிபதி ஒருத்தரையே வேட்டி கட்டுனதுக்காக உள்ள விடல, பெரிய பிரச்சனை ஆயி அதே வருஷம் தமிழ்நாட்டு சட்டசபைல சட்டமே போட்டாங்க. மன்றம், சங்கம், கம்பெனின்னு யாரும் பொது இடத்துல வேட்டிய காரணம் காட்டி தடுக்கக்கூடாது, தடுத்தா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், 25,000 ரூபா அபராதம்.

அப்பா இறந்து ஒரு வருஷம் ஆச்சு. அவரோட பேண்ட் நாலு நல்ல துணி, பெட்டில அப்படியே இருக்கு. நான் அவர விட ரெண்டு இஞ்ச் உயரம், இடுப்பு சின்னது. போட ஆசையா இருக்கு, ஆல்டர் பண்ண முடியுமா?
வாசகர், தஞ்சாவூர்

கண்டிப்பா முடியும். அந்த காலத்து பேண்ட் எல்லாம் டெய்லர் தச்சதா இருக்கும், கால் அடில மடிப்ப திருப்பிப்பாருங்க, பெரும்பாலும் ரெண்டு, ரெண்டரை இஞ்ச் உள்ள மடிச்சு விட்டிருப்பாங்க, அப்பல்லாம் பேண்ட்ட தம்பி, மகன் வரைக்கும் போடுவாங்கன்னு கணக்கு பண்ணித்தான் வெட்டுறது. அந்த மடிப்ப பிரிச்சா உங்களுக்கு வேண்டிய உயரம் கிடைச்சுரும், விளிம்பு பிரியாம இருக்க உள்பக்கம் ஒரு பட்டி வச்சு தைக்கணும். இடுப்பு பின் தையல்ல மூணு இஞ்ச் வரைக்கும் பிடிக்கலாம், அதுக்கு மேல பிடிச்சா பின் பாக்கெட் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்கும், அப்ப சைடுலயும் பிரிச்சு எடுக்கச் சொல்லுங்க. கால் அகலம் ஜாஸ்தியா இருந்தா முட்டிக்கு கீழ மட்டும் லேசா குறைங்க, ரொம்ப ஒடுக்கிறாதீங்க, அந்த துணி விழுகுற அழகே போயிரும்.

நாலையும் ஒரே நாள்ல குடுக்காதீங்க. ஒண்ணு குடுத்து, போட்டு நடந்து உக்காந்து பாத்துட்டு அப்புறம் மத்த மூணு. கொஞ்சம் வயசான, பொறுமையா பிரிக்கிற டெய்லரா பாருங்க, முடிஞ்சா அப்பாவுக்கு தச்ச கடைக்கே போங்க, பழைய அளவு நோட்டுல அவரு பேர் கூட இன்னும் இருக்கலாம். மடிப்ப பிரிச்சதும் பழைய மடிப்பு இருந்த இடத்துல ஒரு கோடு தெரியும், நனைச்ச துணிய மேல போட்டு அழுத்தி இஸ்திரி போடச் சொல்லுங்க, முக்கால்வாசி போயிரும். கொஞ்சம் மிச்சம் இருந்தா இருக்கட்டும்.